ஒரு சாவிக்குள் மூன்று சாவிகள்

எங்கள் வீட்டுக் காருக்கு ஒரே ஒரு சாவிதான். இரண்டாவது சாவி மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் தொலைந்து போனது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டதன் பலனைப் போன மாதம் அனுபவித்தேன்.

இருந்த அந்த ஒரு சாவியில் லாக் பட்டன் வேலை செய்தது, அன்லாக் பட்டன் செய்யவில்லை. ரிமோட்டில் பூட்டிவிட்டுச் சாவியை நுழைத்துக் கதவைத் திறந்தால், திருடன் வந்துவிட்டான் என்று வண்டி அலறும். உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் அடங்கும். இரண்டு நாள் காலை ஐந்து மணிக்கு அபார்ட்மெண்ட் முழுவதையும் எழுப்பிய பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "செட்டா மாத்தணும் சார். புரோகிராமிங்கோட சேர்த்து 11,000 ஆகும். சாவி வர பத்து நாள் ஆகும்."

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சரி, நாமே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

நாம் "ரிமோட் சாவி" என்று சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிச் சாவிகள். ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் குடியிருந்தாலும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

முதலாவது, இரும்புச் சாவி. கதவையும் இக்னிஷனையும் திருப்புவதோடு அதன் வேலை முடிந்தது.

இரண்டாவது, ரேடியோ. பட்டனை அழுத்தினால் சர்க்யூட் போர்டு ஒரு செய்தியை அனுப்புகிறது. நம் ஊர் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க, ஜப்பானியக் கார்கள் பலவற்றில் 315. ஒவ்வொரு முறையும் ஒரே செய்தியை அனுப்பினால், பக்கத்தில் நின்று பதிவு செய்து பிறகு ஒலிபரப்பி யாரும் கதவைத் திறந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். கீலாக் என்ற முறை இதில் பிரபலமானது. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது, 1995-இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. சாவியில் ஒரு கவுண்டர் ஓடும், அதன் கடைசிக் கணக்கைக் காரும் நினைவில் வைத்திருக்கும். குழந்தை வீட்டில் உட்கார்ந்து பட்டனைப் பத்துத் தடவை அழுத்தி விளையாடினாலும் பரவாயில்லை, அடுத்த 16 எண்களுக்குள் எது வந்தாலும் கார் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்து இரண்டு சரியான எண்களைக் கேட்கும். "ரிமோட் முதல் தடவை வேலை செய்யாது, ரெண்டாவது தடவை செய்யும்" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். இதற்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சிப் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். ஆபீஸ் அடையாள அட்டையைக் கதவில் காட்டுகிறோமே, அதே தத்துவம்தான். பதில் சரியாக இல்லையென்றால் இன்ஜின் ஓடாது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களில் இது கட்டாயம். பட்டன் வைத்து ஸ்டார்ட் செய்யும் கார்களில் பேட்டரி தீர்ந்தால், சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தச் சொல்வார்கள். அங்கேயும் இதே விஷயம்தான்.

எது செத்தது?

மென்பொருளில் பக் தேடுகிற மாதிரிதான் இதையும் செய்தேன். எதையும் மாற்றுவதற்கு முன்னால், எதெல்லாம் குற்றவாளி இல்லை என்று கழித்துவிட வேண்டும்.

கதவு திறக்கிறது, அதனால் இரும்புச் சாவி சரி. இன்ஜின் ஓடுகிறது, சாவியைத் திருப்பியதும் சைரன் அடங்குகிறது, அதனால் சிப் சரி. லாக் பட்டன் தூரத்திலிருந்தே வேலை செய்கிறது. அப்படியென்றால் பேட்டரி, ரேடியோ, காரில் இருக்கும் ரிசீவர் எல்லாமே சரி. பார்த்தவர்கள் எல்லாரும் "பேட்டரிய மாத்துங்க சார்" என்றுதான் சொன்னார்கள். மாற்றியும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

(பேட்டரிதான் சந்தேகம் என்றால் ஒரு குறிப்பு: சிஆர்2032 காசு பேட்டரியை மல்டிமீட்டரில் வெறுமனே அளந்தால், கிழடு கூட 3 வோல்ட் காட்டி ஏமாற்றும். 330 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து ஓரிரு விநாடி அளந்து பாருங்கள். நல்லது 3 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும், தீர்ந்தது சட்டென்று விழும். கழற்றிய பேட்டரியை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.)

மிச்சம் இரண்டு சந்தேகம். அன்லாக் செய்தி போகவில்லையா, போயும் கார் திறக்கவில்லையா? காருக்குள் இருக்கும் ஸ்விட்சை அழுத்தினால் கதவுகள் திறந்தன. வானிலைச் செயற்கைக்கோள்களைக் கேட்க எப்போதோ வாங்கிய யூஎஸ்பி ரேடியோ டாங்கிள் ஒன்று இருந்தது. அதை லேப்டாப்பில் செருகி 433.92-இல் வைத்தேன். லாக் அழுத்தினால் திரையில் பளிச்சென்று ஒரு கோடு. அன்லாக் அழுத்தினால் நிசப்தம். ஆக, கோளாறு சாவிக்குள்தான், அதுவும் அந்த ஒரு பட்டனில்தான்.

கூட்டைப் பிரித்தேன். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து அன்லாக் ஸ்விட்சின் இரு பக்கமும் தொட்டு அழுத்தினேன். சத்தமே இல்லை. ஓரமாக, பலமாக அழுத்தினால் மட்டும் ஒரு பீப். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய ஸ்விட்ச், ஏழு வருட அழுத்தலில் தேய்ந்திருக்கிறது. ரிச்சி தெருவில் அதே அளவில் பத்து ஸ்விட்ச் 50 ரூபாய்க்குக் கிடைத்தது. மேலே ரப்பரும் கிழிந்திருந்ததால் 350 ரூபாய்க்கு ஒரு காலிக் கூடும் வாங்கினேன். பழைய ஸ்விட்சை சால்டரிங் அயர்னில் எடுத்துப் புதியதை வைத்தேன். அப்படியே பேட்டரி கிளிப்பின் கால்களுக்கும் கொஞ்சம் புது ஈயம் வைத்தேன். சாவி அடிக்கடி கீழே விழுவதால் அந்த இடத்தில் விரிசல் வருவது சகஜம்.

போர்டையும் இரும்புச் சாவியையும் புதுக் கூட்டில் மாட்டினேன். பால்கனியிலிருந்து அழுத்தினேன். கார் கண் சிமிட்டித் திறந்தது. பழைய கூட்டைக் குப்பையில் போட்டேன். அப்போதிருந்த பெருமிதம் இருக்கிறதே!

அரை சென்டிமீட்டர் கறுப்புத் துண்டு

ஞாயிறு சாயங்காலம் வண்டியை எடுத்தால், இன்ஜின் ஒரு விநாடி ஓடி நின்றது. மறுபடியும் அதே. டேஷ்போர்டில் சாவி போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

புரிந்தது. சில சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டிலேயே இருக்கும். என் சாவியில் அது போர்டில் இல்லை, பழைய கூட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் செருகி இருந்திருக்கிறது. பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்று நினைத்து அதோடு தூக்கிப் போட்டிருக்கிறேன். மூன்று சாவிகள் என்று அவ்வளவு அழகாகப் பிரித்துப் பார்த்தவன், மூன்றாவது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. இது போனால் சர்வீஸ் சென்டர் சொன்ன 11,000 போதாது. பதிவான சாவி ஒன்றுகூட கையில் இல்லையென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய், சில நேரம் கன்ட்ரோல் யூனிட்டையே கழற்றி வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டுக் குப்பை ஏற்கெனவே கீழே போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் அபார்ட்மெண்ட் தொட்டியைக் கிளறினேன். "என்ன சார், மோதிரமா?" என்று வாட்ச்மேன் அண்ணன் கேட்டார். விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. கால் மணி நேரத்தில் கருவேப்பிலைக் காம்புகளுக்கு நடுவே பழைய கூடு கிடைத்தது, சிப்போடு. துடைத்துப் புதுக் கூட்டில் அதற்கென்று இருந்த பள்ளத்தில் வைத்தேன். வண்டி ஓடியது. மேலே வந்ததும் அம்மா சொன்னாள்: "ஆபரேஷன் எனக்கா உனக்காடா? கண்ணு தெரியலைங்கிறது நீதான்."

செய்வதற்கு முன்

1. கதவு, ரிமோட், ஸ்டார்ட் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றின் கோளாறு இன்னொன்றைப் பற்றி எதுவும் சொல்லாது.
2. ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள்.
3. கூட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். சிப் எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.
4. வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வாரமே இரண்டாவது சாவிக்குப் பணம் கட்டிவிட்டேன். அதே 11,000-தான். ஆனால் இருப்பது பழுதாகிவிட்டதே என்று கொடுப்பதும், நல்ல சாவி ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல.