மேகமலையில் ஏன் குளிர்கிறது?

தேனி மாவட்டம் சின்னமனூரில் பேருந்து ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலையை அடைந்ததும் உடல் நடுங்குகிறது. சூரியனை நெருங்கியிருக்கிறோமே, வெப்பம் கூட வேண்டாமா?

சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. காரணம் காற்றில் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கப்படும் காற்று சூடாகும். விரியும் காற்று குளிரும். உயரே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால், மலைச்சரிவில் ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. அதுவே மேகம்!

தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவுகளிலேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. ஆகவே அங்கு மழை குறைவு. அக்குறையைத் தீர்க்கவே பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டினார். 1895 முதல் அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பள்ளத்தாக்குக்கு வருகிறது.

வைகை பிறப்பதும் மேகமலை, வருசநாட்டுக் காடுகளில்தான். காட்டின் சருகும் வேரும் மழைநீரைப் பிடித்து வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்குத் தருகின்றன. காடு அழிந்தால் மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். கோடையில் ஓடை வறளும். 2021-இல் இக்காடுகள் திருவில்லிப்புத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. காக்கப்படுவது புலி மட்டுமா? மதுரை வீட்டுக் குடத்து நீரும் அல்லவா!