கணனிக்குள் ஒரு வாசிகசாலை

வன்னியில் ஒரு சிறிய வாசிகசாலையில் பதினொரு வருடங்கள் வேலை செய்தவள் நான். 2009ஆம் ஆண்டு தை மாதம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கதவைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். செட்டிகுளம் முகாமில் இருந்த காலம் முழுவதும் அந்தத் திறப்பு என் உடுப்புப் பைக்குள்தான் கிடந்தது. மீளக்குடியேறப் போனபோது இரண்டு சுவர்கள் நின்றன. கதவு இல்லை.

அதற்குப் பிறகு யாராவது நூலகம் என்று சொன்னாலே எனக்கு அந்தக் கட்டிடமும் அலுமாரிகளும்தான் கண்ணுக்குள் வரும். அப்படிப்பட்ட எனக்குச் சுவரே இல்லாத ஒரு நூலகத்தை 2014இல் என் மச்சாள் காட்டினாள். அவள் கனடாவில் நூலகமொன்றில் வேலை செய்பவள். லீவில் வந்து நின்றவள் ஒருநாள் பின்னேரம் மடிக்கணனியைத் திறந்து, "வா மச்சாள், நான் முந்தி வேலை செய்த தீவைக் காட்டுறன்" என்றாள்.

அந்த உலகத்துக்குப் பெயர் செக்கன்ட் லைப். இரண்டாவது வாழ்க்கை என்று அர்த்தம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள லின்டன் லாப் என்ற நிறுவனம் 2003ஆம் ஆண்டு யூன் மாதம் இதைத் திறந்தது. உள்ளே போகிறவர் தனக்கென்று ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வார். அந்த உருவம் நடக்கும், பறக்கும், மற்ற உருவங்களோடு எழுத்தாலும் குரலாலும் பேசும். வெல்வதும் தோற்பதும் கிடையாது. வீடு, கடை, வகுப்பறை எல்லாவற்றையும் உள்ளே வருகிற ஆட்களே கட்டுகிறார்கள். கட்டுவதற்கு நிலம் வேண்டுமே? அது வாடகைக்கு. ஒரு முழுத் தீவுக்கு அப்போது மாதம் 295 டொலராக இருந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அந்த நாளில் பாதி விலை.

2006இல் இலினோய் மாநிலத்தில் இருந்த அலையன்ஸ் லைப்ரரி சிஸ்ரம் என்ற நூலகக் கூட்டமைப்பு அங்கே நூலகச் சேவையைத் தொடங்கியது. அந்த இடத்துக்கு இன்போ ஐலண்ட் என்று பெயர். பல நாட்டு நூலகர்கள் சம்பளம் இல்லாமல், தங்கள் வீட்டிலிருந்தே முறைபோட்டு உதவி மேசையில் இருந்தார்கள். என் மச்சாளும் கிழமையில் இரண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறாள். "என்ன கேட்பினம்?" என்றேன். "பாதிப்பேர் சட்டையை எப்படி மாத்துறது, தலைமயிரை எப்படி மாத்துறது எண்டுதான் கேட்பினம்" என்று சிரித்தாள். எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை. எங்கள் வாசிகசாலைக்கும் கடிதம் எழுதுவிக்கவும் படிவம் நிரப்புவிக்கவும் வந்த சனம்தான் கூட.

உண்மையைச் சொன்னால் அந்த நூலகத்தின் புத்தக அலுமாரிகள் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க வடிவு. ஆனால் புத்தகத்தைத் தொட்டால் அநேகமாக வேறோர் இணையப் பக்கம்தான் திறந்தது. அதற்கு ஏன் இவ்வளவு தூரம் நடந்து வரவேண்டும்? படிப்பதற்கு இது உகந்த இடமல்ல. ஒன்றாகக் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசவும், ஒரு பாடத்துக்குள்ளே இறங்கி நடந்து பார்க்கவும் உகந்தது.

நடந்து பார்ப்பது என்றால் என்னவென்று ஜீனோம் ஐலண்டில் கண்டேன். டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிப்பித்த பேராசிரியை மேரி ஆன் கிளார்க் உருவாக்கிய தீவு அது. பரம்பரையியலின் தந்தை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டலின் மடமும் பட்டாணித் தோட்டமும் அங்கே இருந்தன.

அதைப் பார்த்தவுடன் எனக்கு எங்கள் அயலில் இருக்கும் ஒரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. 2009இல் ஷெல் பட்டு அவளுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் மேல்மாடியில். செய்முறைப் பாடம் நடக்கும்போது அவள் கீழே வகுப்பறையில் தனியே இருந்து மற்றவர்களின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள். அடுத்த நாள் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

டொங்கிள் இணைப்புத்தான். படம் துண்டு துண்டாக வந்தது. எங்கள் உருவம் சிலநேரம் ஒரு முகில்மாதிரித் தெரிந்தது. கணனி அடுப்புப்போலச் சுட்டது. என்றாலும் பிள்ளை விடவில்லை. மஞ்சளும் பச்சையுமாகப் பட்டாணி மணிகளை எண்ணி எண்ணிக் கொப்பியில் குறித்தாள். மஞ்சள் கிட்டத்தட்ட மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு. "புத்தகத்தில இருக்கிறது சரிதான்" என்றாள். அதை அவளே எண்ணிக் கண்டது அன்றுதான் முதல்தடவை.

பிறகு மச்சாள் அவளை இன்னொரு தீவுக்குக் கூட்டிப் போனாள். வேர்ச்சுவல் அபிலிற்றி என்ற அமைப்பின் தீவு. அலிஸ் குரூகர் என்ற அமெரிக்கப் பெண் தொடங்கியது. நரம்புத் தொகுதியைத் தாக்கும் நோயால் அவரும் மாற்றுத்திறனாளி. வெளியே போக முடியாதவர்கள், கை விளங்காதவர்கள், காது கேளாதவர்கள் அந்த உலகத்தில் பழகுவதற்குப் படிப்படியாகக் கற்பிக்கும் இடம் அது. 2009இல் லின்டன் லாப் கொடுத்த பரிசைப் பகிர்ந்து பெற்றதும் இந்த அமைப்புத்தான். அங்கே சிலர் காலுள்ள உருவத்தை எடுத்திருந்தார்கள். சிலர் சக்கர நாற்காலியோடேயே வந்திருந்தார்கள். இரண்டுக்கும் அங்கே ஒரே மரியாதை.

பிள்ளை கொஞ்ச நேரம் பறந்து பார்த்தாள். பிறகு கணனியை மெல்லத் தள்ளி வைத்தாள். "அக்கா, பறக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மேல்மாடிக்குப் போகவேணும்" என்றாள். எனக்கும் மச்சாளுக்கும் பேச்சு வரவில்லை.

இந்தத் தீவுகளுக்கு வந்த முடிவையும் சொல்லவேண்டும். 2010 ஒக்டோபரில் லின்டன் லாப் கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2011 தையிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பல பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் வாடகை கட்டமுடியாமல் வெளியேறின. சிலர் ஓப்பின் சிமியுலேற்றர் என்ற இலவச மென்பொருளுக்கு மாறித் தங்கள் சொந்தக் கணனியிலேயே தீவை வைத்துக்கொண்டார்கள். வாடகை நின்ற தீவு வரைபடத்திலிருந்து எடுபட்டுவிடும். 2013இல் சலுகை திரும்பி வந்தது, ஆனால் போனவர்களில் பலர் திரும்பவில்லை. தான் கட்டிய இடத்தைத் தேடிப்போய் வெறும் கடலைப் பார்த்ததாக மச்சாள் சொன்னாள். நான் உள்ளே போய் என் திறப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். வாடகையில் போனதற்கும் ஷெல்லில் போனதற்கும் வித்தியாசம் உண்டு. என்றாலும் அவள் அழுதது பொய்யில்லை.

அண்மைக்காலத்தில் நான் கண்டவற்றில் மனதை விட்டுப் போகாதது ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் மைன்கிராப்ட் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டுக்குள், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020 மார்ச் 12ஆம் திகதி ஒரு நூலகத்தைத் திறந்தது. 16 நாடுகளைச் சேர்ந்த 24 பேர், 1 கோடி 25 இலட்சம் கட்டைகளால் கட்டியது. எகிப்து, மெக்சிக்கோ, ரஷ்யா, சவூதி அரேபியா, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளுக்கு முதலில் அறைகள் வைத்தார்கள். செய்தித் தளங்களை முடக்குகிற அரசுகள்கூட இந்த விளையாட்டை விட்டுவைத்திருந்தன. அதனால் தடுக்கப்பட்ட கட்டுரைகளை விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகங்களாகவே எழுதி வைத்தார்கள். 2018இல் இஸ்தான்புல்லில் கொல்லப்பட்ட ஜமால் கஷோக்ஜியின் எழுத்தும் அங்கே இருக்கிறது. மெக்சிக்கோ அறையில் கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களுக்கு நினைவிடங்கள். என் மருமகன் அவசரப்பட்டுக்கொண்டு நின்றான். நான் அந்த அறையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

இதை வாசித்துவிட்டு முயன்று பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு: செக்கன்ட் லைப் இன்றும் இருக்கிறது, உள்ளே போகக் காசு இல்லை. ஆனால் பழைய கணனியில் ஓடாது, டேற்றாவையும் குடித்துத் தள்ளும். மைன்கிராப்டைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். இரண்டிலும் முன்னால் நிற்கும் முகம் உண்மையான முகமல்ல. சொந்தப் பெயர், தொலைபேசி இலக்கம், வங்கி விபரம், படம் எதையும் கொடுக்காதீர்கள். சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். வாசிக்க மட்டும் விருப்பமென்றால் இவை எதுவும் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் எமது ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் வாசிகசாலையில் இருந்த சில புத்தகங்களை நான் மறுபடி கண்டதும் அங்கேதான்.

அந்தப் பிள்ளையின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்றிரவு அவள் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் "பார்ப்பம்" என்றார்கள். இரண்டு தரம் அலைந்தேன். மூன்றாம் தரம் அவளும் வந்தாள். அடுத்த தவணை மேல்மாடியிலிருந்து ஒரு நுணுக்குக்காட்டியைக் கீழ் வகுப்பறைக்கு இறக்கி, அவள் இருக்கும் உயரத்துக்கு மேசையும் போட்டார்கள். முதல்நாள் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தாளாம். "அக்கா, செங்கல் அடுக்கினமாதிரி இருக்கு" என்று பின்னேரம் வந்து சொன்னாள்.