வீட்டுக்குள் ஒரு கடல்! 2 மீனைச் சாகக் கொடுத்த குமாஸ்தா கற்ற பாடம்

சென்னை பெரம்பூர் ரெயில் நிலையத்தில் இருந்து பத்து நிமிட நடை. குறுகலான சந்து. மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு.

கதவு திறந்ததும் கண்ணில் படுவது ஒரு கண்ணாடித் தொட்டி. 3 அடி நீளம். நீல விளக்கு. உள்ளே, விரல் விரலாகக் கைகளை ஆட்டிக்கொண்டு ஓர் உயிர். அதன் மடியில் புரண்டு விளையாடும் இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பு. வெள்ளைப் பட்டை.

"கோமாளி மீன்" என்கிறார்களே, அதுதான்!

2003-ல் வந்த "பைண்டிங் நீமோ" கார்ட்டூன் படம் பார்த்தவர்களுக்கு இந்த மீனை அடையாளம் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்காரர் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. வயது 46. "என் பேரைப் போட்டுடாதீங்க சார். ஆபீசிலே கிண்டல் பண்ணுவாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இது அவருடைய இரண்டாவது தொட்டி. முதல் தொட்டி ஒரே ராத்திரியில் செத்துப்போனது!

அந்த ராத்திரி

அந்தக் கதையை அவரே சொன்னார்:-

"2019-லே நடந்தது சார். கொளத்தூருக்கு மீன் வாங்கப் போனேன. சின்ன வயசிலே இருந்தே கப்பி, கோல்டு பிஷ் வளர்க்கிறவன்தான். அங்கே கடல் மீன் தொட்டியைப் பார்த்ததும் மயங்கிட்டேன். தொட்டி, உப்பு, பம்பு, ஜோடி மீன், அனிமோன் எல்லாத்தையும் ஒரே வாரத்திலே வாங்கிட்டேன். ரெண்டு மாசச் சம்பளம் போச்சு.

18-ம் நாள் ராத்திரி, அந்த அனிமோன் இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கு. பம்பு அதை உள்ளே இழுத்து அரைச்சிட்டுது. காலையிலே எழுந்து பார்த்தா தண்ணி பால் மாதிரி இருக்கு. ரெண்டு மீனும் மேலே மிதக்குது. என் பொண்ணு அன்னிக்கு ஸ்கூலுக்கே போகலை. 'நீதாம்ப்பா கொன்னுட்டே'ன்னு சொன்னா."

அந்த வார்த்தைதான் அவரை உலுக்கி எடுத்தது. அடுத்த 2 வருடம் அவர் மீன் வாங்கவில்லை. படித்தார். விசாரித்தார். தொட்டி வைத்திருப்பவர்கள் வீடு தேடிப்போய்ப் பார்த்தார்.

பூ அல்ல, பிராணி!

அனிமோனைத் தமிழில் "கடல் சாமந்தி" என்பார்கள். பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் அது செடி அல்ல. பிராணி. பாறையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இடம் பிடிக்காவிட்டால் மெதுவாக நகர்ந்து வேறு இடத்துக்குப் போய்விடும்.

அதன் கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. வேறு சிறு மீன் தொட்டால் ஆபத்து. கோமாளி மீனை மட்டும் அது ஒன்றும் செய்வது இல்லை. அதன் உடம்பில் உள்ள வழவழப்பான பூச்சுதான் காப்பாற்றுகிறது. புதிதாக வரும் கோமாளி மீன், முதலில் வாலை லேசாகத் தொட்டுப் பார்க்கும். அப்புறம் வயிற்றை உரசும். பழகிய பிறகுதான் உள்ளே புகும்.

சும்மா குடியிருக்கவில்லை. வாடகையும் கொடுக்கிறது! அனிமோனைக் கடிக்க வரும் மீன்களை விரட்டுகிறது. அதன் கழிவு அனிமோனுக்கு உரமாகிறது.

அனிமோனின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை தயாரிக்கும் உணவில் பெரும் பங்கு அனிமோனுக்குப் போகிறது. அதனால்தான் சாதாரண டியூப் லைட் போதாது. வெளிச்சம் குறைந்தால் அனிமோன் வெளுத்து, சுருங்கி, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

அப்பா, அம்மா ஆகும் அதிசயம்

கோமாளி மீன் பிறக்கும்போது பெண் இல்லை. எல்லாம் ஆண் தன்மையோடுதான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது எதுவோ, அது பெண்ணாக மாறுகிறது. அதற்கு அடுத்தது புருஷன். மற்றவை எல்லாம் குட்டிகளாகவே காத்திருக்கும்.

பெண் செத்துவிட்டால்? புருஷன் மீன் பெண்ணாக மாறிவிடும்! காத்திருந்தவற்றில் பெரியது அதற்குப் புருஷனாகும். ஒரு தடவை பெண் ஆனால் ஆனதுதான். திரும்ப ஆண் ஆகாது.

"கார்ட்டூன் படத்திலே அம்மா மீன் செத்ததும் அப்பா பிள்ளையைத் தேடிப் போறார் இல்லையா? நிஜத்திலே அந்த அப்பா இந்நேரம் அம்மா ஆகியிருப்பார் சார்!" என்று சிரித்தார் குமாஸ்தா.

ஆகவே, ஜோடி வாங்குவது சுலபம். ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டு குட்டிகளை வாங்கினால் போதும். யார் மனைவி, யார் கணவன் என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும்.

கடல் தண்ணீர் சமையல்

"மெரினாவுக்குப் போய் ரெண்டு குடம் தண்ணி பிடிச்சா ஆச்சு"ன்னு சொல்றவங்க உண்டு. கூவம் கலக்கிற கடலோரத் தண்ணீர் அது. தொட்டிக்கு ஆகாது.

ஆர்.ஓ. தண்ணீரில், தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைப் போட்டுக் கரைக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். இவர் தொட்டி 190 லிட்டர் பிடிக்கும். முதல் தடவைக்கே 6 கிலோவுக்கு மேல் உப்பு.

உடனே மீன் விடக் கூடாது. மீனின் கழிவில் அம்மோனியா என்ற விஷம் இருக்கிறது. அதைத் தின்று, விஷம் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும். அதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அனிமோனுக்கு அதுவும் பத்தாது. தொட்டிக்குக் குறைந்தது 6 மாதம் வயதாகி இருக்க வேண்டும். ஒரு வருடம் என்றால் ரொம்ப நல்லது.

"நான் 18 நாள்லே எல்லாத்தையும் போட்டுட்டேன். பம்பு வாய்க்கு வலை கட்டலை. அரைபட்ட அனிமோன் அழுகித்தான் தண்ணி விஷமாச்சு" என்றார் அவர்.

இரண்டாவது தொட்டியை 2021-ல் வைத்தார். 6 வாரம் வெறும் கல்லும் தண்ணீரும். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு 2 மீன். ஒரு வருடம் கழித்து, 2022-ல்தான் அனிமோன். அதுவும் கடலில் பிடித்தது இல்லை. நண்பர் ஒருவரின் தொட்டியில் இருந்த அனிமோன் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்று இவருக்கு வந்தது.

அந்த ஒரு வருடம் மீன்கள் எங்கே தூங்கின?

"ஒரு உடைஞ்ச மண் சட்டியிலே சார்! அனிமோன் இல்லேன்னா கோமாளி மீன் செத்துடும்னு கடையிலே சொன்னாங்க. பொய். கடல்லேதான் அதுக்கு அனிமோன் அவசியம். துரத்தித் தின்ன பெரிய மீன் இல்லாத தொட்டியிலே அது இல்லாமலே நல்லா இருக்கும்."

பவளம் எங்கே?

தொட்டியில் பவளம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டோம். அவர் முகம் மாறியது.

"ஒருத்தர் வந்தார் சார். 'ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு, உயிரோட பவளம் இருக்கு, வேணுமா?'ன்னு கேட்டார். வேண்டாம்னு கும்பிடு போட்டு அனுப்பிட்டேன். ஜெயிலுக்குப் போகவா?"

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-ம் ஆண்டு முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல்! 2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இந்தப் பட்டியலில் உள்ள உயிர்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. அலமாரியில் அழகுக்கு வைக்கும் செத்த வெள்ளைப் பவளத்தையும் சட்டம் சும்மா விடாது.

வெளிநாடுகளில் தொட்டியில் வளர்ந்த பவளத்தில் இருந்து சிறு துண்டு வெட்டி, அதை வளர்த்து, கைமாற்றிக்கொள்கிறார்கள். படத்தில் அதைப் பார்த்துவிட்டு இங்கே ஆசைப்படுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுண்ணாம்பான தீவுகள்

பவளம் என்பது கல் அல்ல. அனிமோனின் உறவுக்காரப் பிராணி. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் தண்ணீரில் உள்ள கால்சியத்தை எடுத்துக் கட்டிய வீடுதான் பவளப்பாறை.

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இந்தப் பாறைகள் உண்டு. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டிடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். அரண் போன பிறகு, விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் கடலில் மூழ்கிப்போயின. 1986-ல் இந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது.

வெட்டு நின்றாலும் வெயில் விடவில்லை. தண்ணீர் சூடு ஏறினால் பவளம் தன் உடம்பில் உள்ள பாசிகளை வெளியே துப்பிவிடும். வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படித்தான் ஆனது.

அதே சங்கதி வீட்டுத் தொட்டியிலும் உண்டு. தண்ணீர் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. சென்னையின் அக்னி நட்சத்திர வெயிலில் தொட்டி 32 டிகிரியைத் தொடும். குமாஸ்தா வீட்டில் தண்ணீரைக் குளிர வைக்கும் "சில்லர்" மெஷின் ஓடுகிறது. "வீட்டிலே எங்களுக்கு ஏ.சி. இல்லை. மீனுக்கு இருக்கு!" என்று சமையல் அறையில் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

வாங்கும் முன்பு...

புதிதாக வளர்க்க நினைப்பவர்களுக்கு அவர் கூறும் யோசனைகள் வருமாறு:-

* பண்ணையில் பிறந்த மீனா, கடலில் பிடித்த மீனா என்று கேளுங்கள். பண்ணை மீனை வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலை பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டி இருக்கின்றன.

* தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு ஆவியாவது இல்லை. நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரிக்கும்.

* மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். அனிமோன் செத்துவிடும். மீனைத் தனித் தொட்டியில் விட்டு வைத்தியம் பாருங்கள்.

* கடல் தொட்டிக் கல்லைக் கொதிக்க வைத்துக் கழுவாதீர்கள். பட்டன் பட்டனாக அதில் ஒட்டி இருக்கும் சில உயிர்களின் விஷம் ஆவியில் கலந்து ஆளையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

* "இது மென்மையான வகை, சட்டத்தில் வராது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெயர் தெரியாத உயிரை, ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

ஓட்டில் முட்டை

போன வருடம் ஒரு காலையில், அனிமோன் பக்கத்தில் இருந்த ஓட்டுத் துண்டில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டி இருந்தது. முட்டை!

தாய் இட்டதோடு சரி. காவல் எல்லாம் தகப்பன்தான். துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போன முட்டைகளை வாயால் பொறுக்கி எடுத்தது. எட்டாம் நாள் விளக்கு அணைந்த பிறகு குஞ்சு வெளிவந்தது. ஆனால் ஒன்றுகூடத் தங்கவில்லை. குஞ்சுக்குக் கண்ணுக்கு எட்டாத உயிருள்ள தீனி வேண்டும். அதைத் தனியாக வளர்க்க வேண்டும். வீட்டில் அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

"என் பொண்ணு இப்போ காலேஜ் போறா. அன்னிக்கு ராத்திரி டார்ச் வெச்சுக்கிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தா. 'இந்தத் தடவை நீ எதுவும் கொல்லலேப்பா'ன்னு சொன்னா" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

நாம் கிளம்பும் நேரம், கரண்டு போய்விட்டது. வீடு இருட்டு. மின்விசிறி நின்றது. குமாஸ்தா தட்டுத் தடுமாறாமல் நேராகத் தொட்டிக்குப் போனார். "டக்" என்று ஒரு சத்தம். பாட்டரியில் ஓடும் காற்று பம்பு "குமிழ் குமிழ்" என்று சத்தம் போட ஆரம்பித்தது.

அப்புறம்தான் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஏம்மா, மெழுகுவத்தி எங்கே?"