தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு

சென்ற ஆண்டு என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, உண்டியல் காசில் சந்தையில் பத்துச் சாயக் கோழிக்குஞ்சுகள் வாங்கினாள். முட்டை விற்று அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பிழைத்த ஏழும் கொண்டை சிவந்து கூவத் தொடங்கின. "எல்லாம் சேவலாப் போச்சு டீச்சர். குஞ்சுலயே கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டாள்.

முட்டைக்கோழி இனங்களின் சேவல் குஞ்சுகளைப் பண்ணைகள் வளர்ப்பதில்லை. பெரும்பாலும் அவையே சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன. ஆனால் அவள் கேள்விக்கு விடை மரபியல் பாடத்திலேயே இருந்தது.

மனிதரில் ஆண் எக்ஸ்ஒய், பெண் எக்ஸ்எக்ஸ். கோழியில் இது தலைகீழ்: சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. இறகில் வெள்ளைக் கோடுகளைத் தரும் ஓங்கு ஜீன் இசட் குரோமோசோமில் உள்ளது. கோடுள்ள பிளைமவுத் ராக் பெட்டையை, கோடில்லாத ரோட் ஐலண்ட் ரெட் சேவலுடன் சேர்த்தால், தாயின் ஒரே இசட் மகன்களுக்கு மட்டுமே போகும். மகள்களுக்குத் தாயிடமிருந்து கிடைப்பது டபிள்யூ. எனவே பொரித்த அன்றே கருங்குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல், பொட்டில்லாதது பெட்டை.

நாம் கரும்பலகையில் கட்டம் போடுகிறோமே, அந்தப் புன்னெட்தான் முதல் உலகப்போர்க் காலத்தில், தீவனத்தை மிச்சப்படுத்த இறகு நிறத்தால் குஞ்சுகளைப் பிரிக்கலாம் என்று இங்கிலாந்தில் எடுத்துச் சொன்னவர்.

வகுப்பில் இதைப் புளியங்கொட்டையால் செய்தோம். ஒரு பக்கம் உரசி வெளுத்த கொட்டை, கோடுள்ள இசட். உரசாதது, கோடில்லாத இசட். சிறு கல், டபிள்யூ. 'பெட்டை' கையில் உரசிய கொட்டை ஒன்றும் கல் ஒன்றும். 'சேவல்' கையில் உரசாத கொட்டைகள் இரண்டு. கண்ணை மூடி இரு கையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, இருபது குஞ்சுகளைப் பட்டியலிட்டார்கள். கல் வந்த குஞ்சு ஒன்றுக்கும் பொட்டு இல்லை! பிறகு பெற்றோரை மாற்றச் சொன்னேன்: உரசிய கொட்டை இரண்டும் சேவலுக்கு, உரசாத கொட்டையும் கல்லும் பெட்டைக்கு. இப்போது எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு. பால் பிரிக்கவே முடியவில்லை. எந்தப் பெற்றோரிடம் எந்த நிறம் என்பதே முக்கியம் என்று அவர்களே சொன்னார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இம்முறை எல்லா இனத்துக்கும் பொருந்தாது; நாட்டுக்கோழிக் குஞ்சின் நிறத்தை வைத்துச் சொல்ல இயலாது. அடுத்து, கோழியில் குஞ்சின் பாலைத் தாயின் முட்டை தீர்மானிக்கிறது என்றதும், மனிதரிலும் அப்படியே என்று மாணவர் எண்ணிவிடக்கூடும். மனிதரில் அதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. பெண் பிள்ளை பெற்றதற்காகத் தாயைக் குறை சொல்லும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் உண்டு; இரண்டு கட்டங்களையும் அருகருகே போட்டுக் காட்டுங்கள்.

அந்த மாணவி இப்போது மறுபடி உண்டியலில் காசு சேர்க்கிறாள். இம்முறை சந்தைக்குப் போவதில்லை. முட்டையிடத் தொடங்கிய பெட்டைகளையே பார்த்து வாங்கப் போகிறாளாம்.