மலையேறாமல் நடத்த வேண்டிய கணினி அறை

புளியஞ்சோலையில் ஐயாற்றில் குளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை மிக அருகில் தெரியும். ஆனால் அங்கிருந்து மேலே போக நடைபாதைதான் உண்டு. வண்டியில் போக வேண்டுமென்றால் வழக்கமாகச் சுற்றிக்கொண்டு காரவள்ளிக்கு வந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் செம்மேட்டை அடைய வேண்டும். அடிவாரம் திருச்சி மாவட்டம், துறையூர் வட்டம். மலையோ நாமக்கல் மாவட்டம். மேலே ஒரு பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், அதைப் பார்க்க வரும் ஆளும் இந்த வளைவுகளைத்தான் ஏறி வரவேண்டும். ஒரு ஹார்டு டிஸ்க்கை மாற்றும் அரை மணி நேர வேலைக்கு ஒரு முழு நாள் போய்விடும். வைரஸ் புகுந்த மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதற்கும் அதே கதைதான்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு ‘தின் கிளையன்ட்’ என்ற சிறு பெட்டி பொருத்தமானது என்று சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பெட்டியை வாங்குவது சுலபம். அதை எப்படி அமைக்கிறோம், யார் நிர்வகிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெட்டி உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. பெரும்பாலானவற்றில் சுழலும் ஹார்டு டிஸ்க்கோ விசிறியோ கிடையாது. மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், ஒரு நெட்வொர்க் கேபிள், அவ்வளவுதான் இணைப்பு. நாம் திறக்கும் கோப்பு, தட்டும் கடிதம், ஓடும் மென்பொருள் எல்லாம் வேறொரு கணினியில், அதாவது சர்வரில், இயங்குகின்றன. பெட்டி நம் விசைத் தட்டல்களை அங்கே அனுப்பி, அங்கிருந்து வரும் திரைக்காட்சியை இங்கே காட்டுகிறது. சர்வரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெய்நிகர் கணினி ஒதுக்கலாம். அல்லது ஒரே இயங்குதளத்துக்குள் பல பேருக்குத் தனித்தனி அமர்வு கொடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழியே போதும், செலவும் குறைவு.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1990-களின் நடுவிலேயே அமெரிக்காவின் வைஸ் நிறுவனம் இத்தகைய முனையங்களை விற்றது. 2012-இல் அதை டெல் வாங்கிக்கொண்டது. பழைய கணினிகளைக்கூடத் தின் கிளையன்ட்டாக மாற்ற உதவும் எல்டிஎஸ்பி என்ற லினக்ஸ் திட்டம் 1999-இல் தொடங்கி இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 2000-களின் நடுவில் ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின் ஆகியோர் உருவாக்கத்தில் பங்குகொண்ட நோவாட்டியம் நிறுவனம், கேபிள் டிவி இணைப்பைப் போல மாதக் கட்டணத்துக்கு வீட்டுக் கணினியைத் தர முயன்றது. அன்றைய பிராட்பேண்டை வைத்துப் பார்த்தால் அது காலத்துக்கு முந்திய துணிச்சல்.

தமிழ்நாட்டில் இந்த முறை பெரிய அளவில் நுழைந்தது அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வழியாகத்தான். ஆசிரியர்கள் ‘ஹைடெக் லேப்’ என்றே சொல்வார்கள். 3,090 உயர்நிலைப் பள்ளிகள், 2,939 மேல்நிலைப் பள்ளிகள், ஆக 6,029 பள்ளிகள். உயர்நிலைக்கு 10 இருக்கைகள், மேல்நிலைக்கு 20 என்பது அன்றைய கணக்கு. ஒரே மாதிரியான இத்தனை ஆயிரம் அறைகளை, ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஒவ்வொரு கணினியாகத் திறந்து பராமரிக்கவே முடியாது. சர்வரைச் சுற்றி எளிய இருக்கைகள் என்ற அமைப்பின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. இதில் தவறு செய்வது எளிது, தவறு செய்தால் ஒட்டுமொத்த அறையும் ஒரே நேரத்தில் நின்றுபோவதும் எளிது.

காலையில் பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் நடப்பதைப் பார்ப்போம். முதலில் அது நெட்வொர்க்கில் ‘எனக்கொரு முகவரி கொடு’ என்று கேட்கிறது. டிஹெச்சிபி என்ற சேவை ஐபி முகவரியைத் தருகிறது. அந்தப் பதிலோடு சேர்த்தே வேறு சில குறிப்புகளையும் அனுப்பலாம். டெல் வைஸ் கருவிகளில் 165 என்ற எண் குறிப்பில் மேலாண்மை சர்வரின் முகவரியையும், 199-இல் அந்தக் கருவி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதற்கான சாவியையும் எழுதிவைத்தால், புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த கருவி தானாகவே போய்த் தன் அமைப்புகளை வாங்கிக்கொள்ளும். எல்டிஎஸ்பி முறையில் பெட்டிக்குள் எதுவுமே வேண்டாம்; இயங்குதளமே நெட்வொர்க் வழியாக வந்து இறங்கும். நிர்வாகி செய்ய வேண்டிய முக்கியமான வேலை இந்த முதல் அரை நிமிடத்தை ஒழுங்காக எழுதிவைப்பதுதான். இது சரியாக இருந்தால், பழுதான பெட்டியைக் கழற்றிவிட்டு அலமாரியில் இருக்கும் மாற்றுப் பெட்டியைச் செருகுவதற்கு எட்டாம் வகுப்பு மாணவியே போதும். எவரும் மலையேற வேண்டியதில்லை.

அடுத்தது சர்வர் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. என் தீர்ப்பு திட்டவட்டமானது: மலையில் சர்வர் பள்ளிக் கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும். சென்னையில் தரவு மையம், மலையில் வெறும் பெட்டிகள் என்ற ஏற்பாடு வரைபடத்தில் அழகாக இருக்கும். நகரத்து வங்கிக் கிளைக்கு அது சரிவரும், இரண்டு தனித்தனி இணைப்புகள் இருப்பதால். மலையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் 20 பெட்டிகளும் ஒன்றுமில்லாமல் போய்விடும். சாதாரண அலுவலக வேலைக்கு ஓர் இருக்கைக்குச் சில நூறு கிலோபிட் வேகமே போதும். ஆனால் 20 மாணவர்கள் ஒரே நேரத்தில் பாட வீடியோவைத் திறந்தால் கதை வேறு. தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால் தட்டிய எழுத்து திணறித் திணறித் திரைக்கு வரும். தட்டச்சு பழகும் குழந்தை தான் தவறு செய்ததாக நினைத்துக்கொள்ளும். ஆகவே சர்வர் உள்ளூரில், அமைப்புகளை மாற்றும் அதிகாரம் மாவட்ட மையத்தில் என்று பிரித்து வைப்பதே நல்லது. இணைய இணைப்பு இல்லாத நாளிலும் வகுப்பு நடக்க வேண்டும். இணைப்பு இருக்கும் நேரத்தில் திருத்தங்கள் வந்து சேர வேண்டும்.

மின்சாரக் கணக்கும் மலைக்குச் சாதகமே. மானிட்டரை விட்டுவிட்டால், ஒரு தின் கிளையன்ட் ஏறக்குறைய 10 முதல் 15 வாட் தின்னும். இருபதுக்கு 300 வாட்டுக்குள் முடிந்துவிடும். சாதாரண டெஸ்க்டாப் இருபது என்றால் அதுவே 1,500, 2,000 வாட் என்று போகும். ஆனால் யூபிஎஸ்ஸை எதற்குக் கொடுப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். முதலில் சர்வருக்கு, அடுத்து நெட்வொர்க் சுவிட்சுக்கு, பிறகுதான் இருக்கைகளுக்கு. சுவிட்ச் யூபிஎஸ்ஸில் இல்லையென்றால், சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் அறை முழுக்கத் திரை உறைந்துவிடும். இடி மின்னல் மிகுந்த மலையில் இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கும் விடுதிக்கும் இடையே செம்புக் கம்பி நெட்வொர்க் கேபிளை வெளியில் இழுக்கக் கூடாது. அருகில் விழும் மின்னலின் அதிர்ச்சி அதன் வழியாகவே சுவிட்சுக்குள் வரும். கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு சுவிட்சின் விலையைவிடப் பெரிதல்ல.

சின்னச் சின்னக் காரணங்கள்தான் பெரும்பாலும் அறையைப் பூட்டவைக்கின்றன. கோடை விடுமுறை முழுவதும் அணைந்து கிடந்த பெட்டிக்குள் காசளவு பேட்டரி தீர்ந்துபோகும். திறந்ததும் கருவி பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்று அது முடிவுகட்டி இணைய மறுக்கும். திரையில் தெரிவது சான்றிதழ் பிழை. உண்மையான நோய் கடிகாரம். அவசரத்தில் சான்றிதழ்ச் சோதனையையே நிறுத்திவைப்பவர்கள் உண்டு. அது கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். உள்ளூர் சர்வரையே நேரம் சொல்லும் சர்வராகவும் அமைத்து, அதன் முகவரியைக் கருவிகளின் அமைப்பில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் அடியோடு போய்விடும்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது உரிமக் கணக்கு. பல பேருக்கு அமர்வு தரும் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவியதும் உரிமம் இல்லாமலே 120 நாள் ஓடும். நிறுவிக் கொடுத்தவர் போன பிறகு, ஒருநாள் காலையில் யாருமே லாகின் ஆக முடியாது. பணம் கட்டி வாங்கிய உரிமம் பீரோவில் இருக்கும், சர்வரில் ஏற்றியிருக்க மாட்டார்கள். ஒப்படைப்பு நாளிலேயே உரிமச் சர்வர் இயங்குவதைத் திரையில் காட்டச் சொல்ல வேண்டும்.

தமிழ்த் தட்டச்சுக்கும் தனிக் கவனம் தேவை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் பிள்ளைகள் பழக வேண்டும். தின் கிளையன்ட் சர்வருடன் இணையும்போது தன் விசைப்பலகை எது என்பதையும் சேர்த்துச் சொல்லும். பெட்டி ‘ஆங்கிலம்’ என்று சொன்னால், சர்வரில் நிர்வாகி வைத்திருந்த தமிழ் அமைப்பு அமர்வின் தொடக்கத்திலேயே மாறிவிடும். பெட்டி சொல்வதைப் பொருட்படுத்தாதே என்று விண்டோஸ் சர்வரின் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பட்டியலில் ஒரே ஒரு மதிப்பை எழுதினால் தீரும். இதைச் செய்யாத அறையில் ‘இங்கே தமிழ் வராது’ என்ற பேச்சு நிலைத்துவிடும். தமிழ்ப் பள்ளியில் அப்படி ஒரு பேச்சு எழவே கூடாது என்பது என் ஆதங்கம். நல்ல பக்கமும் உண்டு: எழுத்துருக்கள் சர்வரில் ஓரிடத்தில் இருப்பதால், ஒருமுறை ஏற்றினால் எல்லா இருக்கையிலும் ஒரே மாதிரித் தெரியும்.

மென்பொருள் புதுப்பிப்பை எப்போதும் ஓர் இருக்கையில் முதலில் சோதித்துவிட்டு, சில நாள் பொறுத்துத்தான் மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். மலை இணைப்பில் 20 பெட்டிகளும் தனித்தனியே பெரிய கோப்பை இறக்கத் தொடங்கினால் அன்றைய வகுப்பு போயிற்று. ஒருமுறை உள்ளூர் சர்வருக்கு இறக்கி, அங்கிருந்து பெட்டிகளுக்குப் பகிர்ந்துகொள்ளும் வசதி பெரும்பாலான மேலாண்மை மென்பொருள்களில் உண்டு. பள்ளி இருக்கைகளை, வெளியேறியதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி வைக்கலாம். மாணவர்களின் கோப்புகளுக்கு மட்டும் சர்வரில் தனி இடம். அந்த ஓர் இடத்துக்குத் தினமும் காப்புப் பிரதி வேண்டும். எல்லார் உழைப்பும் ஒரே டிஸ்க்கில் இருப்பது இந்த முறையின் பெரிய பலவீனம். பெட்டியோடு வரும் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவிடுவது இன்னொன்று.

இத்தனையும் சொன்னாலும், ஆள் இல்லாமல் எதுவும் ஓடாது. பெட்டியை மாற்றத் தெரிந்த, சர்வரின் விளக்கைப் பார்த்து நிலைமையைத் தொலைபேசியில் சொல்லத் தெரிந்த ஒருவர் அதே ஊரில் இருக்க வேண்டும். அவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. மலையிலேயே படித்து, வேலைக்காக இறங்கிப் போகும் இளைஞர்களில் ஒருவருக்கு முறையான பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால் போதும். வன்பொருளுக்குக் கோடிகளை ஒதுக்கும் திட்டங்கள் இந்தச் சம்பளத்தை ஒதுக்கத் தயங்குவது நியாயமில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ சங்கத்துக்கோ இத்தகைய கணினி அறை வரப்போகிறதென்றால், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: சர்வர் எங்கே வைக்கப்படும், அது நின்றால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஏற்பாடு வரும், உள்ளூரில் பொறுப்பாளர் யார். பதில் கைக்கு வந்த பிறகு ஒப்படைப்புச் சான்றில் கையெழுத்துப் போடுங்கள்.