பாஸ்கல் உரைத்த இதயம்

இறைவன் உளன் என்பதைப் பகுத்தறிவாலேயே நிறுவலாம் எனக் கூறி, 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஐந்து வழிகளை வகுத்தார். இப்னு ருஷ்தின் அரிஸ்டாட்டில் உரைகளை ஆழ்ந்து கற்றவர் அவர். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலோ (1623–1662), அத்தகைய நிரூபணங்கள் மனிதரை அசைப்பதில்லை என்றார். இறைவனை உணர்வது இதயமே என்றார்.

இதனால் அவரை அறிவின் பகைவராகக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. கணக்கிடும் இயந்திரத்தை அமைத்தவர் அவர். 1654இல் ஃபெர்மாவுடன் மடல் வழியே நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்டவர். அதே ஆண்டு நவம்பர் 23 இரவில் தமக்கு வாய்த்த இறையனுபவத்தை எழுதி, அதனை மேலங்கியினுள் தைத்து வைத்திருந்தார். அவர் மறைந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது.

பாஸ்கல் கூறும் இதயம் வெறும் உணர்ச்சி அன்று. அதுவும் அறியும் கருவியே. இடம், காலம், எண் ஆகியவற்றை நாம் நிரூபித்து ஏற்பதில்லை, நேரே உணர்கிறோம். அவற்றின் மீதே அறிவு தன் வாதங்களை எழுப்புகிறது. அறிவை விலக்குவதும் அறிவை மட்டுமே ஏற்பதும் வரம்பு மீறலே என்பது, 1670இல் வெளிவந்த 'சிந்தனைகள்' நூலில் அவர் காட்டும் நிலை.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அடிப்படை உண்மைகளையே ஐயுற்றுத் தவித்தார். அவற்றின் மீதான உறுதியை வாதத்தால் அன்றி, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீளப் பெற்றதாக 'அல்முன்கித்' நூலில் எழுதினார். கிறிஸ்துவின் வழியாகவே இறைவனை அறியலாம் என்ற பாஸ்கலின் கோட்பாடு நமக்கு உடன்பாடன்று. ஆயினும், அறிவின் எல்லையை அறிவுடையோரே காண்பர் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.