கட்டி முடிக்கும் வரை எங்கே உட்காருவது?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் எழுபதைத் தாண்டியவர்களிடம் எர்ணாகுளம் போகும் வழியைக் கேட்டால் பேச்சு படகில்தான் தொடங்கும். பஸ் என்றால் தோப்பும்படி சுற்றி, பாலம் ஏறி இறங்கி, நெரிசலில் நின்று போக வேண்டும். படகில் ஏறினால் காற்று வாங்கிக்கொண்டே காயலைக் கடந்துவிடலாம். ஆனால் 2018-க்குப் பிறகு பல ஆண்டுகள், சேறு படிந்த அந்தப் படகுத்துறையில் படகு நிற்கவே இல்லை. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவையின் முனையத்தை அங்கே திறந்தார்கள். நல்ல முனையம். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மிதக்கும் மேடை படகுக்குச் சமமாக நிற்கிறது. சக்கர நாற்காலியோடு நேரே உள்ளே போகலாம். ஆனால் 2018-ல் 72 வயதாக இருந்தவருக்கு அது திறந்தபோது 79. வெளியே போய்வர உடம்பில் தெம்பிருந்த ஆண்டுகள் அவருக்கு நடுவிலேயே போய்விட்டன.

முதியோர் கூடும் இடங்களைப் புதுப்பிக்கும் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும் என்பது என் கருத்து. உள்ளாட்சி நடத்தும் ‘பகல் வீடு’ ஆகட்டும், கோவையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பின் கிளப் ஹவுஸ் ஆகட்டும், பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே சுற்றி வருகிறது: புதிதாக என்னென்ன வேண்டும், யார் எவ்வளவு கொடுப்பது. பழையதை மூடும் நாளுக்கும் புதியதைத் திறக்கும் நாளுக்கும் நடுவே என்ன செய்வது என்பது அறிவிப்பின் கடைசி வரியில் ‘பணிகள் முடியும் வரை ஒத்துழைப்பு தரவும்’ என்று முடிந்துவிடுகிறது. முப்பது வயதுக்காரருக்கு இரண்டு வருடம் மூடிய உடற்பயிற்சிக்கூடம் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். எண்பது வயதுக்காரருக்கு இரண்டு வருடம் மூடிய கூடம், ஒருவேளை இனி கிடைக்கவே கிடைக்காத கூடம்.

இது ஒரு சில ஊர்களின் பிரச்சினையாக நிற்கப் போவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட முதியோர் பற்றிய அறிக்கையின் மதிப்பீட்டில், அந்த ஆண்டு கேரள மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 16.5 சதவீதம். தமிழ்நாட்டில் 13.6, இந்தியா முழுவதற்கும் 10.1. 2031-ல் கேரளத்தில் 20.9, தமிழ்நாட்டில் 18.2 என்று கணித்திருக்கிறார்கள். இன்று கேரளம் திண்டாடும் கேள்வி பத்து வருடத்தில் நம் ஊர்க் கேள்வியாகிவிடும்.

எல்லோரும் சேர்ந்து உட்காரும் ஒரே இடம்

கேரளத்தில் பகல் வீடு என்பது, வயதானவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடம். செய்தித்தாள், டிவி, கேரம் பலகை, மதியச் சாப்பாடு, கொஞ்ச நேரம் படுக்க ஒரு கட்டில், அவ்வப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு நர்ஸ் என்பது அதன் நோக்கம். எல்லாம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பழைய பகல் வீடுகளை மேம்படுத்த மாநில சமூக நீதித் துறை ‘சாயம்பிரபா’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், வலிதணிப்புச் சிகிச்சை ஆகியவற்றுக்கென்று உள்ளாட்சிகள் தங்கள் திட்டப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலும் உண்டு.

மட்டாஞ்சேரி போன்ற ஊருக்கு இப்படிப்பட்ட இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சில சதுர கிலோமீட்டருக்குள் கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், மாப்பிளைமார், லத்தீன் கத்தோலிக்கர், தமிழ் பிராமணர், வண்ணார் என்று எத்தனையோ சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. ஒவ்வொரு சமூகத்துக்கும் சொந்தமாக ஒரு கோயில் முற்றமோ, பள்ளிவாசல் திண்ணையோ, சங்கக் கட்டடமோ இருக்கிறது. வயதானவர்களின் பொழுது அங்கே கழிகிறது. எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் என்று பார்த்தால் பொதுக்கூடங்களும் பகல் வீடுகளும்தான் மிஞ்சும். அதை இரண்டு வருடம் மூடினால், அவரவர் தங்கள் சுவருக்குள் திரும்பிவிடுவார்கள். கதவு மறுபடி திறக்கும்போது எல்லோரும் திரும்பி வருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று. இது பாடகர் மெஹ்பூபின் ஊர். மாலையில் ஹார்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு பழைய பாட்டுப் பாடுகிறவர்கள் இன்றும் இருக்கும் ஊர். புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் குளிர்சாதன அரங்கு இருக்கும், கண்ணாடி முகப்பு இருக்கும். ஹார்மோனியத்தையும் தபலாவையும் வைத்துப் பூட்ட ஓர் அலமாரி வேண்டும் என்பது அங்கே தினமும் வந்து உட்காருகிறவருக்கு மட்டும்தான் தோன்றும்.

தரையை உயர்த்தினால் வரும் சிக்கல்

மேற்குக் கொச்சியில் ஒரு பொதுக்கட்டடத்தைப் புதுப்பிப்பது ஏன் இத்தனை கடினம் என்பதற்கு, வாசல்படியை மட்டும் எடுத்துக்கொள்வோம். விருச்சிக மாதம், அதாவது நம் கார்த்திகை தொடங்கி, இங்கே வேலியேற்றம் என்று சொல்லும் கடல் ஏற்றத்தில் காயல் நீர் தாழ்வான தெருக்களுக்குள் வந்துவிடுகிறது. அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலில் செய்வது தரைமட்டத்தை உயர்த்துவது. பொறியாளர் பார்வையில் அது சரி. ஆனால் தரையை 60 சென்டிமீட்டர் உயர்த்தினால், 15 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு படி வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு நான்கு படி என்பது ஏறக்குறைய ஒரு மாடி.

சாய்தளம் கட்டலாமே என்பார்கள். சாய்தளத்துக்கான நெறி, ஒரு பங்கு உயரத்துக்குக் குறைந்தது 12 பங்கு நீளம் வேண்டும் என்கிறது. 60 சென்டிமீட்டருக்கு 7.2 மீட்டர் நீளம். மேலேயும் கீழேயும் சக்கர நாற்காலி திரும்ப இடம், இரு பக்கமும் கைப்பிடி. மட்டாஞ்சேரியின் குறுகலான மனைகளில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே அவ்வளவு தூரமே கிடையாது. சாய்தளத்தை உள்ளே மடக்கிக் கட்டினால் கூடத்தின் பரப்பு குறைகிறது. குறுக்கிக் கட்டினால் செங்குத்தாகிவிடுகிறது. ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். அப்படிப்பட்ட சாய்தளங்களை நம் வங்கிகளிலும் தாலுகா ஆபீஸ்களிலும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதோடு, ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் பாரம்பரியப் பகுதி என்பதால் கட்டட முகப்பை மாற்றத் தனி அனுமதி தேவை. நீர்க்கரையை ஒட்டிய இடமென்றால் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் வரும். இந்த விதிகள் தேவையானவை, அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கூடத்தைப் பூட்டிய பிறகு அனுமதிக்கு விண்ணப்பிப்பது அநியாயம். அனுமதி எல்லாம் கைக்கு வந்தபின் பூட்டுவதுதான் முறை.

தாமதம் எவ்வளவு நீளும் என்பதற்கு ஃபோர்ட் கொச்சி துருத்தியின் இரட்டைக் கோபுரங்கள் உதாரணம். ராஜீவ் ஆவாஸ் யோஜனா என்ற மத்தியத் திட்டத்தில் தொடங்கிய வேலை அது. அந்தத் திட்டமே 2015-ல் முடிந்து, பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்துவிட்டது. 394 குடும்பங்களுக்கான அந்த இரு கட்டடங்கள் திறக்கப்பட்டது 2025 செப்டம்பரில். கடைசியில் கட்டி முடித்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. காத்திருந்த ஆண்டுகளில் பெயர்ப்பட்டியலில் இருந்த வயதானவர்களை நினைக்கத்தான் மனம் கனக்கிறது.

யாருக்கு ஓட்டு?

சொந்தமாக வீடு வாங்கிக் குடியேறும் ஓய்வுக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்கே சங்கம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, சமூகக்கூடம் போன்ற வசதிகளையும் பொது இடம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுநர் மாற்ற வேண்டுமானால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. பொது இடங்களைக் குடியிருப்போர் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்கிறது 17-ஆவது பிரிவு. ஆக, கிளப் ஹவுஸ் கட்டுநருடைய சொத்து அல்ல. அதை ஓட்டலாகவோ கட்டண மண்டபமாகவோ மாற்றும் பேச்சு வந்தால் சங்கம் முதலில் கேட்க வேண்டியது, சங்கத்தின் பெயருக்கு மாற்றுவது நடந்துவிட்டதா, பத்திரம் எங்கே என்பதை.

தமிழ்நாட்டில் 2022-ல் நிறைவேறி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டம், கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வழி செய்தது. முன்பு ஒருவர் மறுத்தாலே காரியம் நின்றுபோன நிலைமை இருந்தது. ஆனால் இது முழுக் கட்டடத்தையும் இடித்துக் கட்டுவதற்கான ஏற்பாடு. கிளப் ஹவுஸை மட்டும் மாற்றுவதென்றால் சங்கத்தின் துணைவிதிகள் என்ன சொல்கின்றனவோ, அதைத்தான் பார்க்க வேண்டும். பலர் அந்தத் துணைவிதியை வாங்கி வைத்துக்கூட இருப்பதில்லை.

சட்டம் தொடாத ஒரு முடிச்சும் இங்கே இருக்கிறது. ஓட்டு உரிமையாளருக்கு. வீடு துபாயிலோ டல்லாஸிலோ இருக்கும் மகன் பெயரில், வாழ்வது அம்மா. மகனுக்கு வீட்டின் விலை ஏற வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை வரும்போது பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது வழுக்காத கழிப்பறைத் தரையும் காலையில் உட்காரக் கைப்பிடி வைத்த நாற்காலியும். இருவர் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் தீர்மானத்தில் பதிவாகும் குரல் ஒன்றுதான். வாடகையோ வைப்புத்தொகையோ கட்டித் தங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை. பொது இடங்களைப் பற்றிய தீர்மானங்களில், அங்கேயே வசிக்கிறவருக்கு எழுத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைச் சங்கங்கள் தாங்களாகவே துணைவிதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பயன்படுத்துகிறவர்கள் கையில் ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா என்ற சலவைத்துறை, தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த வண்ணார் சமூகத்தின் இடம். 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் அதைக் கட்டிக் கொடுத்தது; நடத்துவது அவர்களுடைய சங்கம். இன்று அங்கே துவைக்கிறவர்களில் பலர் வயதானவர்கள். வேலை செய்யும் இடமும் அதுதான், தமிழில் நாலு வார்த்தை பேசும் இடமும் அதுதான். அங்கே ஒரு தொட்டியைச் செப்பனிடுவதென்றால்கூட, நாளை எந்தத் தொட்டியில் துவைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தொட முடியாது.

யார் பணம்?

‘நான் கொடுக்கும் பணத்தில் கட்டுவதை நான் பார்ப்பேனா?’ எந்தக் கூட்டத்திலும் வயதானவர்கள் மனதில் இருக்கும் கேள்வி இது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1960 ஜனவரி 1 அன்று திறந்த சன் சிட்டியில், வீடு விற்கத் தொடங்கும்போதே பொழுதுபோக்கு மையம் தயாராக இருந்தது. அந்த மையங்கள் பழசானபோது இதே கேள்வி அங்கேயும் வந்தது. அவர்கள் கண்ட வழி: இருப்பவர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், புதிதாக வீடு வாங்குகிறவர், புதுப்பித்தலுக்கென்றே உள்ள நிதிக்கு ஒருமுறை தனியாகக் கட்டுவார். இனிமேல் அனுபவிக்கப் போகிறவர் அதிகம் சுமக்கிறார். அப்படியும் மவுண்டன் வியூ என்ற மையத்தை இடித்துக் கட்டுவதில், நாடக மேடை வேண்டுமா என்று அங்கே வருடக்கணக்காக வாதாடினார்கள். நம் ஊர்க் குடியிருப்புகளிலும் கார்ப்பஸ் ஃபண்ட் வாங்குகிறார்கள். அதில் புதுப்பித்தலுக்கென்று ஒரு பங்கைப் பிரித்து வைத்தால், எண்பது வயதுக்காரரிடம் திடீரென்று லட்சக்கணக்கில் கேட்க நேராது.

கொச்சி வைற்றிலா பக்கம், ராணுவத்தினருக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் கட்டிய சந்தர் குஞ்ச் குடியிருப்பின் வழக்கு, நடுக்காலத்தைப் பற்றி ஒரு நல்ல முன்னுதாரணத்தைத் தந்திருக்கிறது. பாதுகாப்பற்றவை என்று கண்ட இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்ட, 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 208 வீடுகள். மறுபடி கட்டித் தருவதோடு நிற்காமல், அதுவரை குடும்பங்களின் மாத வாடகையையும் ராணுவ வீட்டு வசதி அமைப்பே கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இடைக்காலம் கட்டுகிறவரின் செலவுக் கணக்கில் சேர்ந்தால்தான் வேலை வேகம் பிடிக்கும். வீட்டுக்குச் செல்லும் இந்த நியாயம் பொதுக்கூடத்துக்கும் செல்ல வேண்டும்.

கொச்சி, உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர்க்கு உகந்த நகரங்கள் வலையமைப்பில் சேர்ந்திருக்கும் நகரம். கேரளம் 2025-ல் முதியோர் ஆணையத்துக்குத் தனிச் சட்டமே இயற்றியது. 2025 டிசம்பர் தேர்தலுக்குப் பின் மாநகராட்சியில் புதிய கவுன்சில் வந்திருக்கிறது. ஆண்டுத் திட்டத்துக்கான வார்டு கமிட்டிக் கூட்டத்தில் பகல் வீட்டின் பேச்சு வரும்போது, மேற்குக் கொச்சியின் குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானத்தில் எழுதி வாங்க வேண்டியவை அதிகமில்லை. எல்லா அனுமதியும் வந்தபின்தான் பூட்டு. பூட்டும் நாளன்றே, நடந்து போகும் தூரத்தில் மாற்று இடம்: ஒரு பள்ளிக்கூட அறையோ, நூலகத்தின் தரைத்தளப் பகுதியோ, கழிப்பறை வசதியோடு. ஒப்பந்ததாரர் தாமதித்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் பிடித்தம். பிடித்த பணம் மாற்று இடத்தின் மதியச் சாப்பாட்டுக்கு.